கண்ணாடிக் கருவறை

மங்கிய விளக்கொளி. குளிர்ந்த கூடம். பேச்சு அடங்கிப் போயிற்று; சிணுங்கும் குழந்தையைத் தாய் மார்போடு அணைத்து அமர்த்துகிறாள். வரிசை ஓரடி ஓரடியாக நகர்கிறது. முறை வந்தவர் முன்சென்று, முழ அகலங்கூட இல்லாத ஒரு சிறு சன்னல் வழியே குனிந்து நோக்குகிறார். சில நொடிகள்தாம், பின்னர் விலகி அடுத்தவருக்கு வழி விடுகிறார். உள்ளே கிடப்பவருக்கு ஆண்டில் சில தடவை நீராட்டும் உண்டு. கிருமி நீக்கிய நீரை மேலே தெளிக்கிறார்கள். அது உறைந்து பளிங்குப் போர்வையெனப் படிகிறது. உள்ளே நுழையும் உரிமையோ குறிப்பிட்ட சிலருக்கு மட்டுமே!

எந்தத் தலம் இது, எந்த அடியார் பாடிய பதி என்று கேட்பீர்கள். தலமல்ல, தோழர்களே! இத்தாலி நாட்டின் வடகோடியிலே, போல்சானோ நகரத்திலே, 1998 முதல் நடந்துவரும் தொல்பொருள் காட்சிச்சாலை. உள்ளே கிடப்பவன் தெய்வமல்லன். ஏறத்தாழ 5,300 ஆண்டுகட்கு முன்னே, பின்னாலிருந்து எய்யப்பட்ட அம்பு தோளில் தைத்து, மலைமேல் மாண்டுபோன ஒரு மனிதன். ஊட்சி என்று பெயரிட்டிருக்கிறார்கள். உறைநிலைக்குக் கீழே 6 பாகை குளிரில் அவனை வைத்துக் காக்கிறார்கள். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் அந்தச் சாலைக்கு வந்து போகின்றனர்.

கல்லுக்குக் கும்பிடு ஏன் என்று கேட்டவர்கள் நாம். கருவறையின் இருட்டு யாருக்கு இலாபம் என்று கேட்டவர்கள் நாம். "அதோ பாருங்கள், உங்கள் விஞ்ஞானமும் ஒரு மதந்தான், அதற்கும் கருவறை உண்டு, அபிடேகம் உண்டு, யாத்திரிகர் உண்டு, நுழைய முடியாத எல்லையும் உண்டு. எங்களை ஏன் ஏசுகிறீர்கள்?" என்று எவரேனும் நம்மை மடக்கினால் என்ன விடை சொல்வோம்? சிரித்து ஒதுக்கிவிடக் கூடிய கேள்வியல்ல இது. ஒப்புமை பொய்யில்லை; கண்ணால் காண்பது. ஆகவே உள்ளே நுழைந்து பார்ப்போம்.

1991 செப்டம்பர் 19. ஆல்ப்சு மலையிலே, கடல்மட்டத்திற்கு மேல் 3,210 மீட்டர் உயரத்தில், ஜெர்மனியிலிருந்து மலையேற வந்த கணவனும் மனைவியும், உருகி வழிந்த பனிக்கிடையே ஒரு மனிதனின் தலையும் முதுகும் நீட்டிக்கொண்டிருக்கக் கண்டார்கள். அண்மையில் வழி தவறி மாண்ட மலையேறி ஒருவன் என்றே காவலர் எண்ணினர். துளைப்பொறியால் பனியைக் குடைந்தனர். பொறி பனியோடு நிற்காமல் அவன் இடுப்பையும் குடைந்துவிட்டது! ஐந்து நாள் கழித்து, இன்சுபுருக் பல்கலைக்கழகத்துத் தொல்பொருள் ஆராய்ச்சியாளர் கொன்ராட் சுபிண்ட்லர், உடலோடு கிடைத்த கோடரியைப் பார்த்தார். குறைந்தது 4,000 ஆண்டுப் பழமை என்றார். கரியணுக் கணக்கு அதனினும் ஆயிரமாண்டுக்கு மேல் பின்னே கொண்டு சென்றது. பிறகு பிறந்தது வழக்கு: பிணம் யாருக்கு? ஆஸ்திரியாவுக்கா, இத்தாலிக்கா? எல்லையை மீண்டும் அளந்தார்கள், இத்தாலிக்குள்ளே 92.56 மீட்டர் என்று கண்டார்கள். பாவம், அவன் மூச்சுவிட்ட காலத்தில் இத்தாலியுமில்லை, ஆஸ்திரியாவுமில்லை, அளக்க ஒரு கோலுமில்லை.

இனிக் கேளுங்கள். தலபுராணம் ஒன்று எழுதப்பட்டுவிட்டால், அதிலே ஓரெழுத்தை மாற்ற எவருக்கும் உரிமையில்லை. மாற்றத் துணிந்தவன் பாவி. இந்த மனிதனைப் பற்றி எழுதியதோ, முப்பது ஆண்டுக்குள் எத்தனை முறை அடித்துத் திருத்தப்பட்டிருக்கிறது! முதலில் மலையேறி என்றார்கள், தவறு. பின்னர்ப் பத்தாண்டு காலம், களைத்துக் குளிரில் விறைத்துச் செத்தான் என்றார்கள். 2001-இல் ஊடுகதிர்ப் படத்திலே இடது தோளுக்குள் கல் அம்புமுனை தெரிந்தது. விறைத்துச் செத்தவன் கொலையுண்டவன் ஆனான். 2018-இல் இரைப்பையை ஆராய்ந்து, கடைசியாக அவன் உண்டது காட்டாட்டு இறைச்சி, மானிறைச்சி, ஒருவகைப் பழங்கோதுமை என்று சொன்னார்கள். அவன் கோடரியின் செம்பு அக்கம்பக்கத்து மலையினது அன்று, நெடுந்தொலைவிலுள்ள தசுக்கானியினது என்று 2017-இல் தெரிந்தது.

நிறத்தின் கதை இன்னும் சுவையானது. காட்சிச்சாலைக்கென்று 2011-இல் செய்த உருவத்தில், வெளிர்நிறத் தோலும் தோள்வரை தொங்கும் முடியும் வைத்தார்கள். ஐரோப்பியன் என்றாலே வெளுத்த தோல் என்று உள்ளத்தில் ஊறிய எண்ணம் கைவழியே களிமண்ணிலும் ஏறிற்று போலும்! 2023-இல் மரபணுவை மறுபடியும் முழுமையாகப் படித்தார்கள். இன்றைய தென் ஐரோப்பியர் எவரினும் கருத்த தோல். தலையோ வழுக்கையாகியிருக்கக் கூடும். முன்னோர் பெரும்பாலும் அனத்தோலியாவிலிருந்து, அதாவது இன்றைய துருக்கியிலிருந்து, உழவைக் கையோடு கொண்டுவந்து குடியேறியவர் என்று முடிவாயிற்று. வெள்ளைத் தோலை வேதமாக்கிக்கொண்டு வந்தேறிகளை விரட்டுவோம் என்று அங்கே முழங்குவோர் இந்த வழுக்கைத் தலைக் கருநிறத்தானின் முன்னே ஒரு நிமிடம் நிற்கலாம்.

தம் பிழையைத் தாமே கண்டு, தாமே ஊரறியச் சொன்னார்கள். சொன்னதற்காக எவரும் கழுவேற்றப்படவில்லை. 2022-இல் வேறு சில ஆராய்ச்சியாளர்கள், இவன் செத்த நாள் தொட்டு இடைவிடாமல் பனிக்குள்ளேயே கிடந்தான் என்பதையும் ஐயுற்று எழுதினர், வாதம் நடக்கிறது. எந்தக் கருவறையில் இப்படி மூலவரைப் பற்றி அருச்சகர்களே ஐயம் எழுப்புகிறார்கள்?

ஆனால் மூடநம்பிக்கை கதவைத் தட்டாமல் இருந்ததா? இருக்குமா! கண்டுபிடிப்போடு தொடர்புடைய சிலர் அடுத்த பதினான்கு ஆண்டுகளிலே இறந்தார்கள். ஒருவர் வண்டி மோதி, ஒருவர் பனிச்சரிவில், ஒருவர் நோயில். உடலை முதலில் கண்ட கணவர் 2004-இல் மலையிலே தவறி விழுந்து மாண்டார். போதாதா! "பனிமனிதனின் சாபம்" என்று ஏடுகள் எழுதின. விமானத்தில் பறக்கும் ஐரோப்பாவிலே, விண்வெளிக்கு ஏவுகலம் அனுப்பும் ஐரோப்பாவிலே! அந்த உடலோடு தொடர்புடையோர் நூற்றுக்கணக்கானவர். மருத்துவர், காவலர், எழுத்தாளர், படமெடுப்போர், ஆராய்ச்சியாளர் என்று எத்தனையோ பேர். நூற்றுக்கணக்கானவரில் பதினான்கு ஆண்டில் ஏழெட்டுப் பேர் இறப்பது சாபமா, கணக்கா? மலையேறுகிறவர் மலையில் விழுந்து சாவதற்கு ஐயாயிரம் ஆண்டுப் பழிவாங்கும் ஆவி எதற்கு? மூடத்தனத்திற்குக் கறுப்புத் தோல், வெள்ளைத் தோல் என்ற வேறுபாடு இல்லை என்பதை மட்டும் இதிலிருந்து குறித்துக்கொள்வோம்.

இதுவரை எளிது. நம் தோழர்கள் கைதட்டுவார்கள். இனிமேல் சொல்லப் போவதற்குக் கைதட்டுவார்களோ, என்னவோ!

நம்மில் சிலர் விரைந்து பேசுவார்கள்: "உயிர் போனால் உடல் வெறும் சடம். ஆத்மா என்று ஒன்று அலைவதில்லை. திதியும் பிண்டமும் புரட்டு. ஆகவே பிணத்தைக் காட்டினால் என்ன, அறுத்தால் என்ன, அலமாரியில் அடுக்கினால் என்ன? தடுப்பவன் பழைமைவாதி." ஆத்மா இல்லை என்பதில் நமக்கு அணுவளவும் ஐயமில்லை. ஆனால் ஆத்மா இல்லை என்ற விதையிலிருந்து, எதையும் செய்யலாம் என்ற மரம் எப்படி முளைக்கிறது? மரியாதை என்பது ஆவிக்குக் கட்டும் வரியன்று. மனிதனை மனிதன் மதிப்பது அது. சுயமரியாதை என்ற சொல்லைத் தெருமுனைகளிலே முழங்கி, மூலையில் ஒதுங்கிக் கிடந்தவனையும் நிமிர்ந்து நிற்கச் செய்த இயக்கத்திலே வந்தவர்கள், அது மூச்சு உள்ளவரைக்கும்தான் என்று எல்லை கட்டலாமா?

யாருடைய உடல் காட்சிக்கு வந்தது என்று ஒருமுறை வரலாற்றைப் புரட்டிப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகப்பட்ட சாரா பார்ட்மன் என்ற பெண்ணை, உயிரோடிருக்கையில் பணம் வாங்கிக்கொண்டு ஊருக்குக் காட்டினார்கள். 1815-இல் இறந்தாள், இறந்த பிறகும் விடவில்லை. அவள் எலும்புக்கூடும் உடல்வார்ப்பும் பாரீசில் 1970-களின் நடுப்பகுதிவரை காட்சியில் நின்றன. விஞ்ஞானத்தின் பெயரால்தான் நின்றன! பிறந்த மண்ணுக்கு அவள் மீண்டு வந்து அடக்கமானது 2002-இல். அரசர்களை, ஆளுநர்களை, ஆலைமுதலாளிகளை அப்படி எந்தச் சாலையிலும் நிறுத்தி வைக்கவில்லை. சடந்தானே என்று சொல்கிற தத்துவம், ஏழையின் சடத்தையும் அடிமையின் சடத்தையும் மட்டுமே தேடித் தேடிப் போயிற்று என்றால், அந்தத் தத்துவத்திலே வேறு ஏதோ கலந்திருக்கிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, கனடா நாட்டுக்கு வாருங்கள்.

1999 ஆகஸ்டு மாதம். பிரிட்டிசு கொலம்பியாவின் வடமேற்கு மூலையில், உருகும் பனியாற்றின் ஓரத்திலே, வேட்டைக்குப் போன மூவர் ஓர் இளைஞனின் உடலைக் கண்டனர். வயது இருபதைத் தொட்டிராது. தரை அணிலின் தோல்களை நெருக்கித் தைத்த மேலாடை. மரவேரைப் பின்னி முடைந்த தொப்பி. அந்த நிலம் சாம்பேன், ஐசிகிக் என்னும் தொல்குடி மக்களின் பாட்டன் பூட்டன் நிலம். ஊட்சிக்கு நடந்ததுபோல் எந்த நாட்டுக்குச் சொந்தம் என்று இங்கே அளவுகோலைத் தூக்கவில்லை. அந்த மக்களைக் கேட்டார்கள். மக்கள், நெடுநாளைக்கு முன்னிருந்து கிடைத்தவர் என்று பொருள்படத் தம் மொழியில், குவாடாய் டான் சிஞ்சி என்று அவனுக்குப் பெயரிட்டார்கள். ஆராயுங்கள் என்று இசைவு தந்தார்கள். எப்படி, எவ்வளவு, எதுவரை என்று உடனிருந்து முடிவு செய்தார்கள். ஆராய்ச்சி முடிந்ததும் 2001-இல் உடலைத் தம் மரபுப்படி எரியூட்டி, சாம்பலை அவன் கிடந்த பனியாற்றங்கரைக்கே கொண்டு சேர்த்தார்கள்.

எரித்துவிட்டார்களா! எத்தகைய சான்று, எத்தகைய செல்வம், சாம்பலாயிற்றே! மூடப் பழக்கத்திற்கு விஞ்ஞானம் மண்டியிட்டதே! இப்படிப் பதறுவோர் உண்டு. பதறுமுன் கணக்கைப் பாருங்கள். எடுத்து வைத்த சிறு கூறுகளிலிருந்து ஆராய்ச்சி தொடர்ந்தது. அவன் வாழ்நாளின் பெரும்பகுதியும் கடலுணவே உண்டவன், கடற்கரையிலிருந்து உள்நாட்டு மலைக்கு நடந்தவன் என்று எலும்பும் குடலும் சொல்லின. சுற்றுவட்டத் தொல்குடி மக்கள் இருநூற்றுக்கு மேற்பட்டோர் தாமே முன்வந்து மரபணுச் சோதனைக்குத் தம்மைத் தந்தனர். அவர்களில் பதினேழு பேர் அவனோடு தாய்வழி உறவுடையோர் என்று 2008-இல் அறிவிக்கப்பட்டது. பதினேழு பேர், இன்று உயிரோடிருப்போர், சிலநூறு ஆண்டுக்கு முந்திய ஒரு பையனுக்கு உறவினர்! கைகட்டி நிற்கும் கூட்டத்திற்கு நடுவே கண்ணாடிப் பெட்டியிலே கிடத்தியிருந்தால், அந்த இருநூறு பேர் கைநீட்டி இரத்தம் கொடுத்திருப்பார்களா? கேட்டதால் கிடைத்தது அறிவு. பறித்திருந்தால் பிணம் மிஞ்சியிருக்கும், உறவு கிடைத்திராது.

அவர்கள் எரியூட்டியபோது ஓதிய சடங்கில் நமக்கு நம்பிக்கை இல்லை, இருக்க வேண்டியதுமில்லை. நம் வீட்டில் ஒருவர் இறந்தால், சடங்கை விலக்குவோம். பிணத்தைச் சந்தையிலே வைப்போமா?

இமயத்திலும் இப்படி ஒன்று உண்டு; அங்கே கோயிலும் காவாது, காட்சிச்சாலையும் காவாது. உத்தராகண்டத்தில், 5,000 மீட்டருக்கு மேலே, ரூப்குண்டம் என்ற சிறு ஏரி. ஆண்டின் பெரும்பகுதி உறைந்து கிடக்கும். பனி இளகும் காலத்தில் கரையெல்லாம் மனித எலும்பு. நந்தாதேவி சினந்து கல்மழை பொழிந்து ஓர் அரசனையும் பரிவாரத்தையும் கொன்றாள் என்பது ஊர்க்கதை. 2019-இல் முப்பத்தெட்டுப் பேரின் எலும்பிலிருந்து மரபணுவை எடுத்துப் படித்தார்கள். ஒரே நாளில் செத்தவர்களே அல்லர்! ஒரு கூட்டம் ஏறத்தாழ 800-ஆம் ஆண்டளவில் வந்த இந்தியத் துணைக்கண்டத்தார். இன்னொரு கூட்டம் ஆயிரமாண்டு கழித்து, 1800-ஐ ஒட்டிய காலத்தில் மாண்ட மத்தியதரைக்கடல் கீழ்க்கரை நாட்டு மரபினர். அவர்கள் அங்கே ஏன் வந்தார்கள் என்பது இன்னும் அவிழாத முடிச்சு. இதற்கிடையே மலையேறப் போகிறவர்கள் எலும்பைக் கையிலெடுத்துப் படம்பிடிக்கிறார்கள். சிலர் நினைவுப்பொருளென்று பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். தேவியின் சினத்துக்கு அஞ்சச் சொல்ல மாட்டோம். ஆனால் இந்தப் பைக்குள் போடும் கையைப் பார்த்து, அச்சம் போன இடத்தில் அறிவு வந்துவிட்டது என்று எவரும் மகிழ வேண்டாம்.

சரி, போல்சானோ சன்னலைப் பற்றி நம் தீர்ப்புத்தான் என்ன? ஊட்சிக்காகக் கேட்க இன்று ஒரு குலமில்லை. ஆஸ்திரியாவின் தைரோல் பகுதியில் 3,700 ஆண்களின் இரத்தத்தை ஆராய்ந்து, அவர்களில் பத்தொன்பது பேர் அவனோடு பழைய தந்தைவழி மரபொன்றைப் பகிர்கிறார்கள் என்று 2013-இல் சொன்னார்கள்; அது உறவன்று, ஒரே பேராற்றின் வெவ்வேறு வாய்க்கால். ஆகவே அவனை ஆராய்வதில் பிழை காணோம். அவன் கொலையுண்டான் என்பதற்கு அவன் உடல் தவிர வேறு சாட்சியே இல்லை. ஆனால் அந்தச் சன்னல்? அதன் வழியே ஏழு நொடி எட்டிப் பார்ப்பவர் என்ன கற்கிறார்? பிணம் என்பதைக் கண்டேன் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. பக்கத்து அறைகளில் கிடப்பவை அல்லவா பேசுகின்றன! கரடித்தோல் தொப்பி, வெள்ளாட்டுத் தோலையும் செம்மறித் தோலையும் துண்டு துண்டாக ஒட்டித் தைத்த மேலங்கி, உள்ளே காய்ந்த புல்லைத் திணித்து வெதுவெதுப்பாக்கிய காலணி. அந்தக் காலணியைத் தைத்த கைக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தரவில்லை. பனியில் நடக்கும் பாதத்துக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் அதற்குத் தெரிந்திருந்தது. நாம் போனால், சன்னலை விட்டுவிட்டுக் காலணி முன்னே நிற்போம்.

உண்மையில், பனி நமக்குத் தரும் பெருங்கொடையே இப்படிப்பட்ட காலணிகள்தாம். வகுப்பறையில் வரலாறு சொல்லிக் கொடுக்கும் நமக்கு இந்த வருத்தம் நெடுநாளாக உண்டு. பாடப்புத்தகத்தைப் பிரித்தால் மன்னர், மன்னர் மகன், மகன் கட்டிய கோயில், அதற்கு விட்ட மானியம். கல்லில் வெட்டியவன் பெயர் இருக்கும். கல் சுமந்தவன் பெயர் இராது. நம் நாட்டு வெயிலும் மழையும் கறையானும் துணியை, தோலை, மரத்தை விட்டுவைப்பதில்லை. பானையும் இரும்பும் கல்லும் எஞ்சும். பனியோ, ஏழையின் கந்தலையும் காக்கிறது. எல்லாப் பனியும் அன்று. பனியாறு நகரும், நகர்ந்து வழியிலுள்ளதை அரைத்து மாவாக்கும். நகராமல் ஒரே இடத்தில் கிடக்கும் பனித்திட்டுகளே காவற்பெட்டிகள்.

நார்வே நாட்டில், இன்லாண்டெட் மாவட்ட மலைகளில், அந்தப் பெட்டிகள் திறந்துகொண்டிருக்கின்றன. 2006-ஆம் ஆண்டின் வெப்பமான இலையுதிர் காலத்தில், 3,400 ஆண்டுப் பழமையான ஒரு தோற்காலணி பனியோரத்தில் கிடந்தது. அன்று தொடங்கிய தேடலில் 4,000-க்கு மேற்பட்ட பொருள்கள் கிடைத்துள்ளன. 6,000 ஆண்டுப் பழமையான அம்புகள். 1,300 ஆண்டுப் பனிச்சறுக்குக் கட்டையொன்று, 2014-இல் ஒன்றும் 2021-இல் அதன் இணையுமாக. லென்ட்பிரேன் என்னும் கணவாயில் 2011-இல் கிடைத்தது ஒரு கம்பளிச் சட்டை, கி.பி. 230-க்கும் 390-க்கும் இடைப்பட்டது. கிழிந்த இடத்தில் ஒட்டுப் போட்டது! ஒட்டுப் போட்ட சட்டையை எந்த மன்னன் கல்லறையில் வைத்துப் புதைத்தார்கள்? பல துணித்துண்டுகளைச் சேர்த்துத் தைத்த கையுறை, குதிரைக் குளம்புக்குக் கட்டும் பனிமிதி, குதிரைச் சாணம், உரிமையாளன் தன் பெயரை வெட்டி வைத்த ஊன்றுகோல். கி.பி. 300-ஐ ஒட்டித் தொடங்கி, 1000-ஐ ஒட்டி உச்சத்தில் இருந்து, 1500-ஐ ஒட்டி ஓய்ந்துபோன ஒரு பாதையை இவற்றிலிருந்தே வரைந்து 2020-இல் வெளியிட்டார்கள். அந்தப் பாதையில் போனவர் படையெடுத்தவர் அல்லர். மேய்ச்சலுக்கு மாடு ஓட்டிச் சென்றவர், வெண்ணெயும் தோலும் மான்கொம்பும் சுமந்து சந்தைக்குப் போனவர்.

அந்தக் கணவாயில் கிடைத்த பொருள்களில் ஒரு சிறு மரத்துண்டும் உண்டு. சூரைச்செடி இனத்து மரத்தில் செதுக்கியது, இரு முனையிலும் பள்ளம். என்னவென்று ஆராய்ச்சியாளருக்குப் புரியவில்லை. புரியாததைப் புரியாதது என்றே லோம் நகரக் காட்சிச்சாலையில் வைத்தார்கள். பார்க்க வந்த ஊர்க்கிழவி ஒருத்தி சொல்லிவிட்டாள்: ஆட்டுக்குட்டியின் வாயில் மாட்டுவது, தாய்மடியில் பால் குடித்துவிடாமல் தடுக்க. 1930-களில்கூடத் தம் ஊர்ப் பண்ணையில் பயன்பட்டதை அவள் கண்டிருக்கிறாள். கரியணுக் கணக்கில் அந்தத் துண்டு பதினோராம் நூற்றாண்டினது! தொள்ளாயிரம் ஆண்டு, ஒரே கருவி, ஒரே வேலை. ஏட்டில் ஏறாமல் இடைச்சியர் கையிலிருந்து கைக்கு வந்திருக்கிறது. நம்மை மடக்க வந்த நண்பருக்கு நாம் தரும் விடை இந்தக் கிழவிதான். நுழைவுச்சீட்டு வாங்கி வந்த ஓர் ஏழை, மூலவரைப் பார்த்து, "ஐயா, இது நீங்கள் நினைப்பது அல்ல" என்று சொல்லி, அதைக் கேட்டு அருச்சகர் நன்றி கூறி எழுதிக்கொள்ளும் கோயில் ஒன்றை அவர் காட்டட்டும். கும்பிடாவிட்டாலும் கூட்டத்தோடு நாமும் போய் நிற்கிறோம்.

இவ்வளவு மகிழ்ந்தபின் ஒன்றை மறைத்தால் நாம் நேர்மையற்றவராவோம். இந்தப் பெட்டிகளைத் திறப்பது யார்? ஆராய்ச்சியாளர் கை அன்று. காற்றிலே கரியமிலவாயு, ஆலைப்புகை எழுமுன் பத்துலட்சத்தில் 280 பங்கு. இன்று 420-ஐத் தாண்டிற்று. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து ஏற்றியது. சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் 2022, 2023 என்ற இரண்டே ஆண்டில் தம் கனத்தில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. ஐசுலாந்திலே ஓக் என்ற பனியாறு இறந்ததென்று 2014-இல் அறிவித்து, 2019-இல் அதற்கு நினைவுக்கல்லும் நாட்டிவிட்டார்கள். நேர்மை கருதி இதையும் சொல்வோம்: 1991-இல் ஊட்சியை வெளிக்கொணர்ந்ததில் சகாராப் பாலைவனத்திலிருந்து பறந்து வந்து பனிமேல் படிந்த புழுதிக்கும் பங்குண்டு, கருத்த பனி வெயிலை அதிகம் உண்டது. ஒவ்வொரு பொருளுக்கும் ஆலைமுதலாளியைக் குற்றவாளியாக்குவது பகுத்தறிவாகாது. ஆனால் உலகெங்கும், ஆண்டுக்காண்டு, ஒரே திசையில் பனி பின்வாங்குவதற்குப் புழுதியைக் காரணம் காட்டுவதும் பகுத்தறிவாகாது.

பற்றியெரியும் வீட்டின் வெளிச்சத்திலே ஏடு படிப்பவன் நிலை நம்முடையது. ஏடு அரியது, இதுவரை எவரும் படிக்காதது. படிக்காமல் விட்டால் அதுவும் எரியும். பனியை விட்டு வெளிவந்த தோலும் கம்பளியும் காற்றிலும் வெயிலிலும் சில ஆண்டில் மட்கிவிடும். ஆகவே படிப்பது கடமை. எரிவதைச் சொல்லாமல், எவ்வளவு நல்ல வெளிச்சம் என்று வியந்துகொண்டே படிப்பது வேறு. இமயத்துப் பனியை நம்பிச் சிந்துவும் கங்கையும் பாயும் வயல்களில் உழுகிறவனிடம் போய், உங்கள் பனி உருகியதால் எங்களுக்கு அழகிய அம்பு ஒன்று கிடைத்தது என்று எந்த முகத்தோடு சொல்வது? கரியை எரித்துக் கொழுத்தவன் ஒருவன், வெள்ளத்திலும் வறட்சியிலும் வாடப் போகிறவன் வேறொருவன். எரித்து வளர்ந்த நாடுகளின் நகரங்களிலேயே, உருகிக் கிடைத்த பொருளுக்குக் கண்ணாடிப் பேழை, வெல்வெட்டு விரிப்பு, நுழைவுக் கட்டணம்! பொருள் கிடைத்தது எப்படி என்பதை ஒதுக்கிவிட்டுப் பொருளை மட்டும் விளக்கொளியில் வைக்கும் காட்சிச்சாலை எதுவோ, அதுதான் கருவறை. அங்கே இருட்டு அறையில் இல்லை. அறிவிப்புப் பலகையில் இருக்கிறது.

நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. பொருளின் பெயர், காலம், மரமா தோலா என்று எழுதும் பலகையிலேயே இன்னும் நான்கு வரி எழுதட்டும். எந்த ஆண்டு, எந்தப் பனித்திட்டிலிருந்து வெளிவந்தது. எடுத்தவர் யார், வேட்டைக்காரரா, மேய்ப்பரா, ஆராய்ச்சியாளரா. மனித உடலாயின், யாரைக் கேட்டு வைத்திருக்கிறார்கள், அல்லது கேட்க எவரும் இல்லையா. அந்தப் பனித்திட்டில் இன்று எவ்வளவு மிச்சம். நார்வே மலைகளில் ஆகஸ்டு நடுவிலிருந்து, புதுப்பனி விழுந்து மூடும் வரை, ஆராய்ச்சிக்குழுவுக்குக் கிடைப்பது சில வாரங்களே. கூடாரத்தோடு மேலே போய், பனியோரமாகக் குனிந்து நடந்து, கண்ட ஒவ்வொன்றுக்கும் இடமும் நாளும் குறித்து, பொதிந்து கீழே கொண்டுவருகிறார்கள். கடைசியாகச் சொன்ன அந்த நான்காவது வரியை மட்டும் ஆண்டுதோறும் அழித்து அழித்துப் புதிதாக எழுத வேண்டியிருக்கும்.